எண்ணெய் கேட்காத மரக்கடிகாரம்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பிராக்லஸ்பி பார்க் என்று ஒரு பிரபு மாளிகை இருக்கிறது. அதன் குதிரை லாயத்துக்கு மேலே ஒரு மணிக்கூண்டு. அதற்குள் 1722 வாக்கில் செய்து முடித்த ஒரு கடிகாரம். ஓக் மரச் சக்கரங்கள், இழுப்பதற்கு எடை, அவ்வளவுதான். 300 வருஷம் கடந்தும் அது ஓடுகிறது, அதுவும் எண்ணெய் இல்லாமல்.

செய்தவர் கடிகாரத் தொழிலை எந்தக் குருவிடமும் கற்றவர் அல்லர். அதே மாவட்டத்தில் பாரோ அபான் ஹம்பர் என்ற ஊரில் இருந்த தச்சர், ஜான் ஹாரிசன். பிற்காலத்தில் நடுக்கடலில் தீர்க்கரேகை கணிக்க உதவும் கடிகாரங்களைச் செய்து சரித்திரத்தில் இடம்பிடித்த அதே ஹாரிசன்தான். அவருடைய கடல் கடிகாரங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வீட்டுப் பட்டறையில் மரத்தில் கடிகாரம் செய்ய நினைக்கிற ஒருவருக்கு அதற்கு முந்தைய காலம், அதாவது 1713 முதல் 1728 வரையிலான ஆண்டுகள்தான் பெரிய பாடம் என்பது என் எண்ணம்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "பல்லை எவ்வளவு துல்லியமாக வெட்ட வேண்டும்?" என்றுதான். துல்லியம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஹாரிசனின் கடிகாரத்தைப் பாகம் பாகமாகப் பார்த்தால் அவர் வேறொரு கேள்வியோடு வேலை செய்திருப்பது தெரியும்: எங்கே உரசுகிறது, அந்த இடத்தில் என்ன மரம் இருக்க வேண்டும், அதன் நார் எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

தச்சர் வீட்டுப் பிள்ளை

ஹாரிசன் 1693இல் யார்க்‌ஷயரின் ஃபௌல்பி கிராமத்தில் பிறந்தார். அப்பாவும் தச்சர். பையன் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பாரோவுக்குக் குடிபெயர்ந்தது. ஊருக்கு வந்துபோன ஒரு பாதிரியார் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஒருவருடைய இயற்பியல் விரிவுரைகளின் கைப்பிரதியை இரவல் கொடுக்க, ஹாரிசன் அதைப் படங்களோடு முழுவதும் கையால் எழுதி எடுத்துக்கொண்டார் என்பது பிரசித்தம். முதல் கடிகாரத்தை 1713இல், இருபதாவது வயதில் முடித்தார். அடுத்தது 1715இல், அதற்கடுத்தது 1717இல். மூன்றும் ஆளுயரப் பெட்டிக்குள் நிற்கும் ஊசல் கடிகாரங்கள். மூன்றின் இயந்திரப் பகுதியும் இன்றும் இருக்கிறது. ஓக் சக்கரம், பாக்ஸ்வுட் என்ற கடின மரத்தில் தண்டு, தவிர்க்க முடியாத சில இடங்களில் மட்டும் பித்தளையும் எஃகும்.

மரத்தை ஏன் எடுத்தார் என்பதற்குப் பெரிய ரகசியம் தேவையில்லை. பித்தளை விலை அதிகம், மரம் அவருக்குக் கைவந்த பொருள். ஆனால் மலிவுக்காகத் தொடங்கியது மலிவோடு நிற்கவில்லை. பிராக்லஸ்பியில் வேலை கொடுத்த சர் சார்லஸ் பெல்ஹாம் வசதியானவர், உலோகம் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். அங்கேயும் ஹாரிசன் மரத்தைத்தான் நம்பினார்.

பத்து கிராம் விசை

உரசலைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்பது கணக்குப் போட்டால் விளங்கும். வீட்டில் செய்யும் ஒரு மரக்கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 3 கிலோ எடை ஒரு நாளில் 1.2 மீட்டர் இறங்குகிறது. கிடைக்கும் மொத்த ஆற்றல் சுமார் 35 ஜூல். அதை ஒரு நாளின் 86,400 விநாடிகளுக்குப் பங்கிட்டால், விநாடிக்கு ஒரு ஜூலில் ஆயிரத்தில் பாதிகூட வராது.

இன்னொரு கோணத்தில் பார்க்கலாம். எடைக் கயிறு சுற்றும் உருளையின் ஆரம் 20 மி.மீ. என்றால், அது ஒரு சுற்றுச் சுற்ற இரண்டரை மணி நேரம் ஆகும். கடைசியில் இருந்து ஊசலுக்கு உந்துதல் கொடுக்கும் எஸ்கேப் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று. இடையில் வேகம் 150 மடங்கு கூடுகிறது, முறுக்கு விசை 150 மடங்கு குறைகிறது. எஸ்கேப் சக்கரத்தின் ஆரம் 40 மி.மீ. ஆக இருந்தால், பல்லின் நுனியில் மிஞ்சுவது 10 கிராம் எடைக்குச் சமமான விசை. உரசலே இல்லாவிட்டால்தான் அந்தப் பத்தும். வழியில் நான்கு இடங்களில் தலா 15 விழுக்காடு போனால்கூட ஏறத்தாழ பாதிதான் வந்து சேரும். ஐந்து கிராம் விசையில் ஊசலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இரவு பகல், மழை வெயில் எல்லாவற்றிலும்.

எடையைக் கூட்டினால் போதாதா என்று தோன்றும். கூட்டலாம். ஆனால் எடை கூடக் கூட ஒவ்வொரு தண்டின் மேலும் அழுத்தம் கூடும், அதோடு உரசலும் தேய்மானமும் கூடும். முதல் சக்கரத்தின் மரப்பல்தான் அதற்கு விலை கொடுக்கும்.

நார் ஓடும் திசை

ஒரே பலகையில் வட்டம் வரைந்து பல் வெட்டினால் என்ன ஆகும்? நார் ஒரு திசையில்தான் ஓடும். நாரோடு சேர்ந்து நீளும் பற்கள் உறுதியாக நிற்கும். நாருக்குக் குறுக்கே அமைந்த பற்கள் விரல் பட்டாலே பிய்ந்துவிடும். ஒரே சக்கரத்தில் சில பல் வலுவானது, சில பல் பொடிந்துபோகிறது.

ஹாரிசன் செய்தது தச்சர் மூளைக்கே உரிய காரியம். ஓக் வட்டின் விளிம்பில் சுற்றிலும் ஒரு பள்ளம் கடைந்தார். பற்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் நார் மையத்திலிருந்து வெளிப்பக்கம் ஓடும்படி வைத்து, அந்தப் பள்ளத்தில் இறுக்கினார். இப்போது எந்தப் பல்லை எடுத்தாலும் நார் அதன் அடியிலிருந்து நுனிவரை நேராக ஓடும். பலவீனமான பல் என்று ஒன்று கிடையாது.

ஓக்கிலும் எந்த ஓக் என்று பார்த்திருக்கிறார். வேகமாக வளர்ந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று அவருடைய கடிகாரங்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்த கட்டைதான் உசத்தி என்று பழகிய நமக்கு இது தலைகீழாகப் படும். ஓக்கின் வளர்ச்சி வளையத்தில் வசந்தகால மரம் துளை துளையாக இருக்கும், கோடைகால மரம் அடர்த்தியாக இருக்கும். வளையம் அகலமானால் கூடுவது பெரும்பாலும் அந்த அடர்த்தியான பகுதிதான். அதனால் வேகமாக வளர்ந்த ஓக் கனமாகவும் வலுவாகவும் இருக்கும்.

பல் ஒரு பக்கம், வட்டம் இன்னொரு பக்கம். மரம் ஈரம் குடித்து ஊதும், காய்ந்து சுருங்கும். நாரின் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு, குறுக்கே நிறைய. பச்சை மரம் முழுக்கக் காயும்போது தேக்கு ஆரத்திசையில் சுமார் 2.5 விழுக்காடும், வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 விழுக்காடும் சுருங்கும். ஓக் இரண்டிலும் தேக்கைவிட அதிகம். 150 மி.மீ. விட்டமுள்ள ஒரு சக்கரத்தைத் தேக்குப் பலகையில் வெட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவம் மாறி மரத்தின் ஈரம் ஐந்து விழுக்காட்டுப் புள்ளி ஏறி இறங்கினால், குறுக்குவாட்டில் விட்டம் ஏறத்தாழ 1.5 மி.மீ. மாறும், நீளவாக்கில் மாறவே மாறாது. வட்டம் முட்டை வடிவமாகிவிடும். ஐந்து மி.மீ. ஆழமுள்ள பற்கள் ஒரு பக்கம் இறுகும், இன்னொரு பக்கம் தளரும். ஒரு சுற்றில் இரண்டு முறை இறுகி இரண்டு முறை தளர்கிற சக்கரத்துக்கு அந்த ஐந்து கிராம் விசை எம்மாத்திரம்!

உரசலை ஒவ்வொரு இடத்திலும் பிடித்தது

பிராக்லஸ்பியில்தான் ஹாரிசன் எண்ணெய்க்கு எதிராக முழுமூச்சாக இறங்கினார். அந்தக் காலத்துக் கடிகார எண்ணெய் மிருகக் கொழுப்பிலிருந்தோ தாவரத்திலிருந்தோ வந்தது. நாள்பட்டால் கெட்டியாகிப் பிசுபிசுக்கும், குளிரில் இறுகும். எண்ணெய் மாறும்போதெல்லாம் கடிகாரத்தின் ஓட்டமும் மாறும்.

தண்டு சுழலும் இடங்களில் லிக்னம் வைட்டே மரத்தை வைத்தார். கரீபியப் பகுதியில் வளரும் மரம் இது, தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவு கனம். அதன் உடம்பிலேயே பிசின் கலந்த எண்ணெய் இருக்கிறது, தேயத் தேயப் புது மேற்பரப்பும் வழவழப்பாகவே வரும். பின்னாளில் நீராவிக் கப்பல்களின் சுழலித் தண்டுகளுக்குத் தாங்கியாகவும் இதே மரம்தான் போயிற்று. உலோகம் வேண்டிய இடங்களில் எஃகைத் தவிர்த்துப் பித்தளையை எடுத்தார், ஈரத்தில் துரு பிடிக்காது என்பதற்காக.

சின்னச் சக்கரங்களில், அதாவது பினியன்களில், அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடிகாரத்தில் பெரிய சக்கரம் சின்னச் சக்கரத்தைத் தள்ளும். பல்லின் மேல் பல் வழுக்கிக்கொண்டே தள்ளும் என்பதால் அங்கே உரசல் அதிகம். ஹாரிசன் பினியனுக்குப் பல்லே வைக்கவில்லை. இரண்டு வட்டுகளுக்கு நடுவே வட்டமாக ஊசிகளை நிறுத்தி, ஒவ்வொரு ஊசியின் மேலும் லிக்னம் வைட்டேயில் கடைந்த ஒரு சிறு உருளையை மாட்டினார். பெரிய சக்கரத்தின் பல் வந்து தொட்டதும் உருளை தானும் உருளும். வழுக்கல் போய் உருளல் வந்தது. பல்லின் வடிவம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இந்த அமைப்பு பொறுத்துக்கொள்ளும் என்பது கூடுதல் லாபம்.

மிஞ்சியது எஸ்கேப்மென்ட். சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விட்டுப் பிடித்து, ஊசலுக்கு ஒரு சின்ன உந்துதல் கொடுக்கும் உறுப்பு. பிராக்லஸ்பிக் கடிகாரத்தில் முதலில் இருந்தது அந்தக் காலத்து வழக்கப்படியான நங்கூர வடிவம். அதன் இரண்டு கொக்கிகளும் பல்லின் மேல் உரசி உரசித்தான் வேலை செய்யும், எண்ணெய் இல்லாமல் முடியாது. மற்ற இடமெல்லாம் எண்ணெய் ஒழிந்தும் இந்த ஒரு இடத்தில் அது தங்கிவிட்டது. தொல்லையும் அங்கிருந்துதான் வந்தது. கடிகாரத்தைச் சரிசெய்யத் திரும்பிப் போக வேண்டியிருந்தபோது, ஹாரிசன் எஸ்கேப்மென்ட்டையே புதிதாக யோசித்தார்.

அதுதான் வெட்டுக்கிளி எஸ்கேப்மென்ட். கீலில் ஆடும் இரண்டு கைகள். ஒரு கையைச் சக்கரத்தின் பல் தள்ளிக்கொண்டிருக்கும்போது, ஊசல் மறு கையைக் கொண்டுவந்து இன்னொரு பல்லில் பதிக்கும். பதிந்த வேகத்தில் சக்கரம் ஒரு மயிரிழை பின்னால் போகும். அந்தக் கணத்தில் முதல் கைமேல் இருந்த அழுத்தம் நீங்கும், அது தன் பின்பக்கக் கனத்தால் துள்ளி விலகிவிடும். பல்லோடு தொடும், சேர்ந்து நகரும், துள்ளி விலகும். எந்த நேரத்திலும் பல்லின் மேல் வழுக்குவதில்லை. வழுக்காத இடத்துக்கு எண்ணெய் எதற்கு?

1725க்கும் 1728க்கும் இடையில் தம்பி ஜேம்ஸோடு சேர்ந்து செய்த கடிகாரங்களில் இவை எல்லாம் ஒன்றுகூடின. ஊசலின் நீளம் வெயிலில் கூடிக் குளிரில் குறைவதைச் சமாளிக்கப் பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கிய ஊசலும் சேர்ந்தது. எஃகு நீண்டு குண்டைக் கீழே இறக்கும் அளவைப் பித்தளை நீண்டு மேலே தூக்கும்.

சரி, நேரம் சரியாக இருக்கிறதா என்று அந்த ஊரில் எதை வைத்துப் பார்ப்பது? ஜன்னலில் நின்று, ஒரு குறிப்பிட்ட நட்சத்திரம் பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் நொடியைக் கவனித்தார். ஒவ்வொரு இரவும் அது முந்தைய இரவைவிட 3 நிமிடம் 56 விநாடி முன்னதாக மறைய வேண்டும். கடிகாரம் அதைக் காட்டினால் சரி. இந்தச் சோதனையிலிருந்து அவர் சொன்ன கணக்கு, மாதத்துக்கு ஒரு விநாடிக்கு மேல் பிசகில்லை என்பது. மரச்சக்கரத்தில்! அவர் முதுமையில் ஊசல் கடிகாரம் 100 நாளில் ஒரு விநாடிக்குள் நிற்கும் என்று எழுதியபோது கேலி செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளின்படி நம் காலத்தில் செய்த ஒரு கடிகாரம், உலோகத்தில் செய்தது, 2015இல் கிரீனிச்சில் நடந்த 100 நாள் சோதனையில் ஒரு விநாடிக்குள்ளேயே நின்று காட்டியது.

மரக்கடிகாரத்தின் கதை ஹாரிசனோடு முடியவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் எலை டெர்ரி 1807 வாக்கில் 4,000 மரக் கடிகார இயந்திரங்களுக்கு ஒப்பந்தம் எடுத்து மூன்று ஆண்டில் முடித்தார். அது தொழிற்சாலையின் கதை. வீட்டுப் பட்டறைக்கு ஹாரிசன்தான் நெருக்கம்.

நம் பட்டறைக்கு வந்தால்

இதையெல்லாம் அப்படியே எடுத்துவைக்க முடியாது. லிக்னம் வைட்டே இப்போது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கும் மரம், எளிதில் கைக்கு வராது. அது இருந்த இடத்தில் கருங்காலியைக் கடைந்து வைக்கலாம். இல்லாவிட்டால் சின்ன பால் பேரிங் வாங்கி, உள்ளே இருக்கும் கிரீஸைப் பெட்ரோலில் கழுவி எடுத்துவிட்டு மாட்டலாம். கிரீஸ் இருந்தால் இந்த விசைக்கு அதுவே பிரேக். பேரிங் வைப்பது ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. உருளையைக் கண்டு வைத்த ஹாரிசனே இன்று இருந்தால் முதல் ஆளாக வாங்கியிருப்பார்.

சக்கரத்துக்குப் பிளைவுட் நல்லது. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் வட்டம் வட்டமாகவே நிற்கும். பிர்ச் பிளைவுட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரணப் பிளைவுட்டில் உள்ளே பொந்து இருக்கும், அந்தப் பொந்து சரியாக ஒரு பல்லில் வந்து உட்காரும். பிளைவுட்டின் குறை வேறு: பல்லின் முகத்தில் பாதி அடுக்கு நாரின் குறுக்குமுகம், நடுவில் பசைக்கோடு. அது எதிரே இருக்கும் மரத்தை அரம் போல அராவும். அதனால் பினியனுக்கு ஊசி வைத்த அமைப்புதான் பொருத்தம், ஊசியின் மேல் கருங்காலி உருளையோ பித்தளைக் குழாய்த் துண்டோ மாட்டினால் இன்னும் நல்லது. சட்டத்துக்குத் தேக்கு போதும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, ஒட்டும் முன் மேற்பரப்பைத் தின்னரால் துடைக்க வேண்டும்.

பற்களின் கணக்கு எளிது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் விநாடி ஊசலோடு 30 பல் எஸ்கேப் சக்கரம் வைத்தால் அது நிமிடத்துக்கு ஒரு சுற்று. நிமிட முள்ளின் சக்கரத்திலிருந்து அதுவரை 60 மடங்கு வேண்டும். 64 பல் சக்கரம் 8 பல் பினியனையும், 60 பல் சக்கரம் இன்னொரு 8 பல் பினியனையும் ஓட்டினால் எட்டும் ஏழரையும் பெருகி அறுபது வந்துவிடும்.

ஊசல் தண்டுக்கு நார் நேராக ஓடும் காய்ந்த மரமே போதும். நீளவாக்கில் மரம் வெப்பத்துக்கு விரிவது எஃகு விரிவதில் பாதிக்கும் குறைவு. ஈரம் ஏறாமல் இருக்க வார்னிஷ் இரண்டு மூன்று கை அடித்துவிட வேண்டும். வெளிநாட்டு வரைபடத்தை வைத்துச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாரிசனின் ஊரில் விநாடி ஊசலின் நீளம் 994 மி.மீ., சென்னையில் 991. பூமியின் ஈர்ப்பு இங்கே சற்றுக் குறைவு. அங்கே சரியாக ஓடிய கடிகாரத்தை இங்கே கொண்டுவந்து மாட்டினால் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். ஊசல் குண்டுக்குக் கீழே எம்6 திருகு வைத்தால் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ., நாளுக்குச் சுமார் 43 விநாடி. மூன்று நான்கு சுற்றில் சரியாகிவிடும், ஆனால் திருகில் அந்த இடம் இருக்க வேண்டும்.

வெட்டுக்கிளி எஸ்கேப்மென்ட்டை முதல் கடிகாரத்திலேயே செய்ய வேண்டாம் என்பேன். அழகு அதற்குத்தான், ஆனால் சாவி கொடுக்கும்போது எடையின் இழுப்பு ஒரு கணம் நின்றால்கூடக் கைகள் பிடி தவறிச் சக்கரம் கட்டவிழ்ந்து ஓடிப் பல்லை உடைத்துவிடும். ஹாரிசன் இதற்கென்றே சாவி கொடுக்கும் நேரத்திலும் இழுப்பு அறாமல் இருக்கத் தனி ஏற்பாடு செய்தார். எளிய வழி, அவருக்கும் முன்பே டச்சு விஞ்ஞானி ஹாய்கன்ஸ் கண்டது: முடிவில்லாத ஒரே கயிற்று வளையம், இரண்டு கப்பி, ஒன்றில் ஒருவழிப் பூட்டு. கயிற்றை இழுத்து எடையை மேலே ஏற்றும்போதும் எடை கடிகாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எந்த எஸ்கேப்மென்ட் வைத்தாலும் இந்தக் கயிற்றைப் போடுவது நல்லது.

அப்புறம், எடையை முன்கூட்டியே முடிவு செய்து ஈயம் வார்த்துவிடக் கூடாது. கடிகாரம் முழுதும் கூடியபின் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, ஊசலை ஆட்டிவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எந்த அளவில் கடிகாரம் நிற்காமல் ஓடத் தொடங்குகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு சேர்த்து எடை செய்யுங்கள். அந்தக் குறைந்தபட்ச எடைதான் உங்கள் கடிகாரத்தின் மொத்த உரசல். ஐப்பசி மழையில் ஒரு தடவை, சித்திரை வெயிலில் ஒரு தடவை இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எடை கூடியிருந்தால் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, தனியாக விரலால் சுழற்றி விட்டு, எது முதலில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் தண்டின் இரண்டு முனைகளில்தான் வேலை இருக்கும்.